மேல்வகுப்பு மாணவர்களுக்கு அறிவியல் மையத்தில் எது பொருத்தம்: அரங்கக் காட்சியா, பயிலரங்கா?

கரும்பலகை (வினா):

வணக்கம். நான் மேல்வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியை. எங்கள் பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் மாணவர்களை அறிவியல் மையத்துக்கு அழைத்துச் செல்வது வழக்கம். கீழ்வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பொத்தானைக் கண்டால் அமுக்குவார்கள், சக்கரத்தைக் கண்டால் சுழற்றுவார்கள், புரிந்ததோ இல்லையோ மகிழ்ச்சியோடு வீடு திரும்புவார்கள். பதினைந்து வயதைத் தாண்டியவர்களின் நிலை வேறு. கூடம் முழுவதையும் அரை மணி நேரத்தில் சுற்றி முடித்துவிட்டுச் சுவரோரம் நின்று கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அறிவியலில் ஆர்வம் இல்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. கருந்துளையைப் பற்றியும் மரபணுத் திருத்தத்தைப் பற்றியும் வகுப்பில் என்னை விடாமல் கேட்பவர்கள் இதே மாணவர்கள்தாம்.

இந்த ஆண்டு மையத்தினர் மேல்வகுப்புகளுக்கென்று இரண்டு வகை நிகழ்ச்சிகளை முன்வைத்திருக்கிறார்கள். முதலாவது, பெரிய அரங்கில் நடக்கும் செயல்விளக்கக் காட்சி. திரவ நைட்ரஜன், வண்ணச் சுடர்கள், உயர் மின்னழுத்தப் பொறிகள் ஆகியவை அதில் இடம்பெறும் என்று அறிவிப்பில் இருக்கிறது. இரண்டாவது, ஆய்வக அறையில் சிறு குழுவாக அமர்ந்து இரண்டு மணி நேரம் செய்யும் பயிலரங்கு. அதில் துகள் இயற்பியல், டி.என்.ஏ., மின்னணுச் சுற்றுகள் என்று சில தலைப்புகள் இருக்கின்றன. ஒரே நாளில் இரண்டுக்கும் நேரம் போதாது.

எதைத் தேர்ந்தெடுப்பது நல்லது? அறிவிப்புத்தாளில் இருக்கும் நான்கு வரியை வைத்துக்கொண்டு ஒரு நிகழ்ச்சி மேல்வகுப்பின் தரத்துக்கு உரியதா, சிறுவர் நிகழ்ச்சிக்கே பெயரை மாற்றியிருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுகொள்வது? போவதற்கு முன்னும் திரும்பிய பின்னும் வகுப்பில் என்ன செய்ய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மேடைப்பணியாளர் (மறுமொழி):

வணக்கம் அம்மா. அரங்கக் காட்சிகளை வடிவமைத்து மேடையில் நடத்துவதுதான் என் தொழில். காட்சியா பயிலரங்கா என்பதைவிட, நிகழ்ச்சியின்போது மாணவர் தமது ஊகத்தை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் கட்டாயம் இல்லாத காட்சி எவ்வளவு பிரம்மாண்டமாக இருந்தாலும், பதினாறு வயது மாணவருக்கு அது கைப்பேசியில் ஏற்கெனவே பார்த்துவிட்ட காணொளிதான்.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகச் சொல்கிறேன். காற்று நிரப்பிய பலூனைத் திரவ நைட்ரஜனில் அமிழ்த்துவது ஏறக்குறைய எல்லா மையங்களிலும் செய்யப்படுவது. பலூன் சுருங்கும், வெளியே எடுத்தால் மீண்டும் உப்பும், அரங்கம் கைதட்டும். சிறுவர்களுக்கு அது போதும். மேல்வகுப்பினர் வந்திருந்தால் நான் அமிழ்த்துவதற்கு முன்பே நிறுத்திவிட்டு, சார்லஸ் விதியைக் கொண்டு (அழுத்தம் மாறாதபோது வாயுவின் பருமன் அதன் கெல்வின் வெப்பநிலைக்கு ஏற்ப அதே விகிதத்தில் மாறும் என்பது அது) கணக்கிடச் சொல்வேன். அறையின் வெப்பநிலை ஏறத்தாழ 300 கெல்வின், திரவ நைட்ரஜனின் வெப்பநிலை 77 கெல்வின். அழுத்தம் பெரிதாக மாறவில்லை என்று கொண்டால் பலூனின் பருமன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். பெரும்பாலானோர் இந்த விடைக்கு உடனே வந்துவிடுவார்கள், கையையும் உயர்த்திவிடுவார்கள். அதன் பிறகு பலூனை அமிழ்த்துகிறேன். அது நான்கில் ஒரு பங்கோடு நிற்பதில்லை. சுருங்கிச் சுருங்கி, வதங்கிய தோலாகப் பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொள்கிறது. விதி பொய்த்துவிட்டதா என்ற கேள்வி அரங்கில் எழும் நேரம் அதுதான், அதை நான் அவசரப்பட்டுத் தீர்த்துவைப்பதில்லை. பலூனை இடுக்கியால் எடுத்து விளக்கொளிக்கு எதிரே பிடித்தால், மெல்லிய ரப்பருக்குள்ளே கொஞ்சம் நீர்மம் தளும்புவது தெரியும். உள்ளே இருந்த காற்றே திரவமாகிவிட்டது. ஆக்சிஜனின் கொதிநிலை 90 கெல்வின். நைட்ரஜனின் கொதிநிலை 77 கெல்வின்தான் என்றாலும், பலூனுக்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சற்றுக் கூடுதல் என்பதால் அதுவும் திரவமாகிவிடுகிறது. சார்லஸ் விதி வாயுவுக்கு உரியது. வாயுவே இல்லாமல் போன இடத்தில் அது எப்படிப் பொருந்தும்? அடுத்து ஹீலியம் பலூனை எடுத்துக்கொண்டு மீண்டும் ஊகிக்கச் சொல்வேன். ஹீலியத்தின் கொதிநிலை 4.2 கெல்வின், ஆகவே அது திரவமாக வாய்ப்பில்லை. இந்தப் பலூன் சுருங்கினாலும் கணக்கு சொன்ன அளவை ஒட்டியே நிற்கிறது. இரண்டு பலூன்களையும் அருகருகே பார்த்த மாணவருக்கு, எந்த நிலையிலும் விதிப்படியே நடக்கும் கற்பனை வாயுவுக்குப் பாடநூலில் 'இலட்சிய வாயு' என்று ஏன் தனியாகப் பெயரிட்டிருக்கிறார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதே இல்லை.

இது என் தனிப்பட்ட விருப்பம் மட்டுமன்று. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் எரிக் மசூரின் குழுவினர் வகுப்பறைச் செயல்விளக்கங்களைப் பற்றி 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செயல்விளக்கத்தை வெறுமனே பார்த்த மாணவர்களின் புரிதலுக்கும் அதைப் பார்க்கவே பார்க்காத மாணவர்களின் புரிதலுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதும், என்ன நடக்கும் என்று முன்கூட்டி ஊகித்துவிட்டுப் பார்த்தவர்களின் புரிதல் தெளிவாக மேம்பட்டிருந்தது என்பதும் அதில் வெளிப்பட்டன. இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் அந்த முடிவை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மேடை ஏற வேண்டும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்ட நான்கு வரி அறிவிப்பைப் பற்றி: வினைச்சொற்களைப் பாருங்கள். 'கண்டு மகிழலாம்', 'வியக்கலாம்' என்று மட்டும் இருந்தால் அது எல்லா வயதினருக்குமான காட்சி. 'கணிக்கலாம்', 'அளக்கலாம்', 'ஒப்பிடலாம்' என்று இருந்தால் யாரோ ஒருவர் மேல்வகுப்பு மாணவர்களை மனத்தில் வைத்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று நம்பலாம். எண்ணிக்கையையும் கேளுங்கள். நாற்பது நிமிடத்தில் பன்னிரண்டு செயல்விளக்கங்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் சொச்சம்தான் கிடைக்கும், அதில் யோசிக்க நேரம் ஏது? பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே இளைஞர்களுக்கென்று நிகழ்த்திய உரைகளில் ஒரு தொடர் முழுவதற்கும் ஒரே ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டார். சுடரின் நடுப்பகுதியில் ஒரு கண்ணாடிக் குழாயின் முனையை வைத்து, அதன் வழியே வெளியேறும் ஆவியை மறுமுனையில் பற்றவைத்துக் காட்டி, எரிவது மெழுகின் ஆவியே என்று கண்முன்னே நிறுவினார். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அந்த உரைமரபு 1825இல் தொடங்கியது, இன்றும் தொடர்கிறது. ஒரு பொருளில் நின்று நிதானமாக ஆழம் போகும் காட்சி கிடைத்தால் தயங்காமல் தேர்ந்தெடுங்கள்.

நுண்குழாய் (மறுமொழி):

மேலே எழுதியவரின் பலூன் விளக்கம் அருமையானது, அப்படிப்பட்ட காட்சி கிடைக்குமானால் எனக்கும் மறுப்பில்லை. ஆனாலும் இரண்டில் ஒன்று என்று வந்தால், நான் பயிலரங்கின் பக்கமே நிற்பேன். நான் இதே வயது மாணவர்களுக்குப் பயிலரங்குகள் நடத்துகிறேன். அரங்கில் எவ்வளவு நன்றாக ஊகித்தாலும் கருவி வேறொருவரின் கையில்தான் இருக்கிறது. தாம் செய்தது சரியாக வராதபோது ஏன் வரவில்லை என்று தேடும் அனுபவம் அங்கே கிடைக்காது. பள்ளி ஆய்வகத்திலும் அது பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே விடை முன்கூட்டியே தெரிந்த பரிசோதனைகளைத்தான் மாணவர்கள் செய்கிறார்கள்.

துகள் இயற்பியல் என்ற தலைப்பைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது, கண்ணுக்குத் தெரியாத துகள்களின் தடங்களைக் காட்டும் முகில் அறை என்ற கருவியைக் கட்டும் பயிலரங்காக இருக்குமானால் அதையே முதலில் பரிந்துரைப்பேன். அமைப்பு மிக எளிது. ஒளி ஊடுருவும் பெட்டியின் மேற்பகுதியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த கம்பளித் துண்டு ஒட்டப்பட்டிருக்கும். அடியில் கருநிற உலோகத் தகடு, அதற்குக் கீழே −78 டிகிரி செல்சியசில் இருக்கும் உலர்பனி. மேலிருந்து இறங்கும் ஆல்கஹால் ஆவி, தகட்டுக்குச் சற்று மேலே மீதெவிட்டிய நிலையை, அதாவது சிறு தூண்டல் கிடைத்தாலே துளியாகிவிடும் நிலையை, அடைகிறது. மின்னூட்டமுள்ள துகள் ஒன்று அந்த அடுக்கை ஊடுருவினால் அது விட்டுச்செல்லும் அயனிகளைச் சுற்றித் துளிகள் திரள்கின்றன. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, அறையை இருட்டாக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதல் சில நிமிடங்களில் மெல்லிய தூறல் தவிர எதுவும் தெரியாது. மாணவர்கள் பொறுமை இழப்பார்கள், ஒருவர் தகட்டைச் சரிசெய்வார், மற்றொருவர் விளக்கின் கோணத்தை மாற்றுவார். திடீரென்று ஒரு வெண்கோடு தோன்றி, கலைந்து மறையும். அதற்குப் பின் பெட்டியிலிருந்து அவர்களின் கண்களைப் பிரிக்க முடியாது. குட்டையாகவும் தடிப்பாகவும் இருப்பவை ஆல்பா துகள்களின் தடங்கள், பெரும்பாலும் காற்றிலுள்ள ரேடான் வாயுவின் சிதைவிலிருந்து வருபவை. வளைந்து நெளிந்து போகும் மெல்லிய தடங்கள் எலக்ட்ரான்களுடையவை. நீண்டு நேராகச் செல்லும் மெல்லிய கோடுகளில் பல, எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான மியூவான் என்னும் துகள்களுக்கு உரியவை.

மியூவான் என்ற இடத்தில் பயிலரங்கு நடத்துபவர் நிற்கிறாரா, கடந்து போகிறாரா என்பதைக் கொண்டே அந்த நிகழ்ச்சி மேல்வகுப்புக்கு உரியதா என்று சொல்லிவிடலாம். கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியாக நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் கடந்து செல்கிறது. அவை பெரும்பாலும் 15 கிலோமீட்டர் உயரத்தில், விண்கதிர்கள் காற்று மூலக்கூறுகளோடு மோதுவதால் பிறப்பவை. நிலையாக இருக்கும் மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. ஒளியின் வேகத்திலேயே வந்தாலும் அந்த நேரத்தில் 660 மீட்டர்தான் கடக்க முடியும். அப்படியானால் பெட்டிக்குள் நாம் பார்த்த கோடு எப்படி வந்தது? மாணவர்களே பெருக்கிப் பார்த்து இந்த முரண்பாட்டை எட்டும்போது, வேகமாகச் செல்லும் பொருளுக்குக் காலம் மெதுவாக ஓடுவதாக நமக்குத் தெரியும் என்ற, காலம் விரிவடைதல் எனப்படும் ஐன்ஸ்டைனின் கருத்து அவர்களுக்குத் தேர்வுக்கான இரண்டு மதிப்பெண் வினாவாக இருப்பதில்லை. முகில் அறையை உருவாக்கிய சி. டி. ஆர். வில்சனுக்கு 1927இல் நோபல் பரிசு கிடைத்தது. கார்ல் ஆண்டர்சன் 1932இல் எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானைக் கண்டறிந்ததும் இதே வகைக் கருவியைக் கொண்டுதான். ஒரு காலத்தில் ஆய்வின் முன்னணியில் நின்ற கருவியை மாணவர் தம் கையால் கட்டிப் பார்க்கிறார். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகமும் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் பயிலரங்குகளில் மாணவர்களையே முகில் அறை கட்டச் செய்திருக்கிறது.

டி.என்.ஏ. தலைப்பைப் பொறுத்தவரை கொஞ்சம் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பழத்தை நசுக்கி, உப்பும் சலவைத்திரவமும் சேர்த்து, குளிர்ந்த ஆல்கஹாலை ஊற்றி வெண்ணிற இழைகளை எடுக்கும் பரிசோதனைதான் என்றால் அது கீழ்வகுப்புக்கு உரியது. அந்த இழைகளில் புரதமும் பெக்டினும் கலந்திருக்கும். 'இது டி.என்.ஏ.தான் என்பதை எப்படி நிரூபிப்பீர்கள்?' என்று கேட்டு அங்கிருந்து மேலே செல்லும் பயிலரங்கு என்றால் அது வேறு தரம். அகரோஸ் ஜெல் என்னும் கூழ்ப்பலகையில் மின்சாரம் செலுத்தி டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் பயிலரங்கு மேல்வகுப்பினருக்கு மிகவும் பொருந்தும். பாஸ்பேட் தொகுதிகளால் டி.என்.ஏ.வுக்கு எதிர் மின்னூட்டம் உண்டு, அதனால் நேர்மின்வாயை நோக்கி நகர்கிறது, சிறிய துண்டுகள் வேகமாகவும் பெரியவை மெதுவாகவும் போகின்றன. ஜெல்லின் சிறு குழிக்குள் சில மைக்ரோலிட்டர் திரவத்தை நுண்குழாயால் இறக்கும்போது முதல் முறை எல்லாருக்கும் கை நடுங்கும், சிலர் குழியின் அடியைத் துளைத்துவிடுவார்கள். பழகுவதற்கு ஒரு வெற்று ஜெல் தருகிறார்களா என்று கேளுங்கள். மின்சாரத்தை இணைத்த பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். எந்த மாதிரி யாருடையதாக இருக்கும், பிரிந்த துண்டுகள் ஜெல்லில் எந்த இடத்தில் பட்டைகளாகத் தெரியும் என்று மாணவர்களை வரையச் சொல்லும் மையங்கள் உண்டு, படம் போட்டுக் காட்டிக் காலத்தைக் கழிக்கும் மையங்களும் உண்டு.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி (மறுமொழி):

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பெரியவர்கள் உரையாடும் இடத்தில் ஒரு மாணவியாக என் கருத்தைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

கண்காட்சிக் கூடத்தில் நாங்கள் ஒதுங்கி நிற்பதற்குச் சலிப்பு மட்டும் காரணம் இல்லை. எங்களுக்குக் கொடுக்கப்படும் வினாத்தாளில், காட்சிப்பொருளின் அருகே எழுதியிருக்கும் வாசகத்தைப் பார்த்து நிரப்ப வேண்டிய கோடிட்ட இடங்களே நிறைய இருக்கின்றன. ஒருவர் எழுதினால் மற்றவர்கள் பார்த்து எழுதிவிடுவோம், பொருளைப் பார்க்க வேண்டிய தேவையே ஏற்படாது. மேடைக்கு வரும்படி திடீரென்று ஒருவரைக் கைகாட்டி அழைப்பதும் எங்கள் வயதில் பலருக்குக் கூச்சத்தைத் தருகிறது. வகுப்புத் தோழர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது மின்னூட்டத்தால் தலைமுடி நட்டுக்கொண்டு நிற்க எல்லாரும் விரும்புவதில்லை. விருப்பமுள்ளவர்களை முன்கூட்டியே கேட்டு அழைத்தால் நன்றாக இருக்கும். அருகில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசிவிட்டு விடை சொல்லுங்கள் என்றால் பேசாத மாணவர்கள்கூடப் பேசுவார்கள்.

நான் கலந்துகொண்ட ஒரு பயிலரங்கில் மின்னணுச் சுற்றை அமைக்கச் சொன்னார்கள். கையேட்டில் எந்தக் கம்பியை எங்கே செருக வேண்டும் என்று படம் போட்டிருந்தது. எல்லாருக்கும் விளக்கு எரிந்தது, ஆனால் ஏன் எரிந்தது என்று எவரும் கேட்கவில்லை. பயிலரங்கு என்று பெயர் இருப்பதாலேயே அது சிறந்ததாகிவிடாது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். முடிவில் உதவியாளர் அக்கா ஒருவர், தாம் கல்லூரியில் என்ன படிக்கிறார், இந்த வேலைக்கு எப்படி வந்தார் என்று பேசிக்கொண்டிருந்தார். அந்த உரையாடல்தான் எனக்கு மிகவும் பயன்பட்டது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு என்ன படிப்பது என்ற கேள்வி எங்கள் எல்லாருக்கும் இருக்கிறது. மையத்தில் பணிபுரிபவர்களோடு அப்படிப் பேச பதினைந்து நிமிடமாவது ஒதுக்கித் தரும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

மேடைப்பணியாளர் (மறுமொழி):

அன்புள்ள மாணவிக்கு, மேடைக்கு அழைப்பதைப் பற்றி நீங்கள் எழுதியது மிகவும் சரி. இன்னொன்றும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969இல் எக்ஸ்ப்ளோரட்டோரியம் அறிவியல் மையத்தைத் தொடங்கியபோதே, பார்வையாளர்களுக்கு விளக்கும் பணியை மேல்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒப்படைத்தார். அந்த ஏற்பாடு இன்றும் அங்கே இருக்கிறது. உங்கள் வயதினர் விளக்குநராக நிற்கும்போது, பார்க்க வருபவர்களும் தயங்காமல் கேள்வி கேட்கிறார்கள், விளக்குபவருக்கும் தம் புரிதல் எங்கே குறைகிறது என்று தெரிந்துவிடுகிறது. உங்கள் ஊர் மையத்தில் விடுமுறைக் காலத்துக்கு அப்படி ஒரு வாய்ப்பு இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

ஊசல்கட்டி (மறுமொழி):

காட்சி, பயிலரங்கு இரண்டைப் பற்றியும் நிறையச் சொல்லிவிட்டார்கள். கண்காட்சிக் கூடத்தையும் கோளரங்கத்தையும் கைவிட்டுவிடாதீர்கள் என்று மட்டும் நான் சேர்க்க விரும்புகிறேன். அரை மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடுகிறார்கள் என்றால், எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லி அனுப்புகிறோம் என்றே பொருள். ஒரே ஒரு பொருளைக் கொடுத்து, அதிலிருந்து ஓர் அளவைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள்.

பல மையங்களின் நுழைவுக் கூடத்தில், பூமி சுழல்வதைக் காட்டும் ஃபூக்கோ ஊசல் தொங்கும். கடந்து போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, எதுவும் நடக்கவில்லை என்று நகர்ந்துவிடுவார்கள். மேல்வகுப்பு மாணவர்களுக்கு அது ஒன்றரை மணி நேரத்துக்கான பரிசோதனை. காலையில் உள்ளே நுழைந்தவுடன் ஊசல் ஆடும் தளத்தின் திசையைத் தரையிலுள்ள வட்ட அளவுகோலில் குறித்துக்கொள்ளட்டும். மதியம் வெளியேறும் முன் மீண்டும் குறிக்கட்டும். தளம் மணிக்கு 15 டிகிரியை அட்சக்கோட்டின் சைன் மதிப்பால் பெருக்கிய அளவுக்குத் திரும்புகிறது. துருவத்தில் நின்றால் ஒரு நாளில் முழு வட்டம், 30 டிகிரி அட்சக்கோட்டில் மணிக்கு 7.5 டிகிரி, நிலநடுக்கோட்டில் திரும்பவே திரும்பாது. மாணவர்கள் தம் அளவீட்டைக் கொண்டு தாம் நிற்கும் இடத்தின் அட்சக்கோட்டைக் கணக்கிட்டு, வரைபடத்தோடு ஒப்பிடலாம். விடை சற்றுப் பிசகும். பிசகு எங்கிருந்து வந்தது என்ற விவாதமே ஒரு பாடவேளையை எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்ளட்டும். ஊசல் போய்வரும் நேரத்தை அளந்தால், கூரையை எட்டிப் பார்க்காமலேயே கம்பியின் நீளத்தையும் சொல்லிவிடலாம். லியோன் ஃபூக்கோ 1851இல் பாரிசின் பாந்தியோன் கட்டடத்தில் தொங்கவிட்ட ஊசலின் கம்பி 67 மீட்டர் நீளம், அது ஒருமுறை போய்வர 16 நொடிக்கு மேல் ஆகும். வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வந்தால் கூடத்தில் தடுமாற மாட்டார்கள்.

கோளரங்கத்தில், பதிவுசெய்த படத்துக்குப் பதிலாக நேரடி வானத்தைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். இயக்குபவர் அருகிலேயே இருந்து, மாணவர் கேட்கும் நாளுக்கும் இடத்துக்கும் வானத்தை மாற்றிக் காட்டும் அமர்வுக்கு ஈடு எதுவும் இல்லை. செவ்வாய் விண்மீன்களுக்கிடையே கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டே இருந்து, நின்று, பின்னோக்கிப் போய், மீண்டும் முன்னோக்கித் திரும்புவதை ஒவ்வொரு நாளாக நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை நடக்கும் இந்த நிகழ்வை வெளி வானத்தில் தொடர்ந்து பார்க்கும் பொறுமை யாருக்கும் எளிதில் வாய்க்காது. கோள்களின் பாதையை விளக்கிய வானியலாளர் கெப்ளருக்கு முன்னிருந்தவர்களை அத்தனை நூற்றாண்டுகள் திணறடித்தது எது என்பது அதைப் பார்த்த பிறகு மாணவருக்கு விளங்கும்.

கரும்பலகை (மறுமொழி):

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மாணவியின் மடல் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. கோடிட்ட இடங்களை நிரப்பும் வினாத்தாளை இந்த ஆண்டு கைவிடப் போகிறேன். பயிலரங்கின் பக்கமே என் மனம் சாய்கிறது. இரண்டு சிக்கல்கள் மட்டும் எஞ்சி நிற்கின்றன. நாங்கள் எண்பது பேருக்கு மேல் போகிறோம், பயிலரங்கில் ஒரு நேரத்தில் முப்பது பேருக்குத்தான் இடம். நேரத்தைக் குறைத்து மூன்று குழுக்களையும் அடுத்தடுத்து அனுப்பலாமா? பாதுகாப்பைப் பற்றி முன்கூட்டியே மையத்தினரிடம் எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்?

நுண்குழாய் (மறுமொழி):

நேரத்தைக் குறைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இரண்டு மணி நேரப் பயிலரங்கை நாற்பது நிமிடமாகச் சுருக்கினால் முதலில் வெட்டப்படுவது மாணவர்கள் தடுமாறித் தாமாகச் சரிசெய்துகொள்ளும் நேரம்தான். அது போனபின் எஞ்சுவது மாணவி குறிப்பிட்ட மின்சுற்றுப் பயிலரங்கு போன்ற ஒன்றாகத்தான் இருக்கும். அதற்குப் பதிலாக மூன்று குழுக்களுக்கும் மூன்று வெவ்வேறு வேலைகளைக் கொடுங்கள். ஒரு குழு முகில் அறை, இன்னொன்று ஜெல், மூன்றாவது குழு ஊசலும் கோளரங்கமும். எந்தக் குழுவில் சேர்வது என்பதை மாணவர்களே விருப்பப்படி எழுதித் தரட்டும். அடுத்த வாரம் வகுப்பில் ஒவ்வொரு குழுவும் மற்ற இரு குழுக்களுக்கும் தாம் செய்ததைக் காட்டி விளக்க வேண்டும் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். பிறருக்குச் சொல்லியாக வேண்டும் என்று தெரிந்தால் குறிப்பெடுக்கும் விதமே மாறிவிடுகிறது. மியூவான் கணக்கை முகில் அறைக் குழு கரும்பலகையில் போட்டுக் காட்டட்டும், ஊசல் குழு தம் அட்சக்கோட்டு விடையை மற்றவர்களின் கேள்விகளுக்கு நடுவே நிறுத்திப் பார்க்கட்டும். செல்வதற்கு முன் அவரவர் தலைப்பில் ஒரு பாடவேளை போதும். நடக்கப்போவதை முழுவதும் சொல்லிவிடாமல், கருவியின் பெயர்களையும் ஓரிரண்டு கணக்குகளையும் மட்டும் பழக்கிவிடுங்கள். முகில் அறை ஒன்றுக்கு மூன்று அல்லது நான்கு பேருக்கு மேல் இருந்தால் பின்னால் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. ஆகவே எத்தனை பெட்டிகள் வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகும். அடைத்த சிறிய அறையில் அது ஆக்சிஜனின் விகிதத்தைக் குறைத்துவிடும். அறையின் காற்றோட்டத்தைப் பற்றியும், ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி இருக்கிறதா என்பதையும் கேட்பதில் தயக்கமே வேண்டாம். உலர்பனிக்கும் காற்றோட்டம் தேவை, அதை வெறுங்கையால் தொடக் கூடாது, காப்புக்கையுறை கொடுக்கிறார்களா என்று பாருங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும், ஆகவே அதே அறையில் சுடர் இருக்கக் கூடாது. இதயமுடுக்கி, செவிக்குள் பொருத்திய கேட்புக் கருவி, இன்சுலின் பம்பு போன்ற மின்னணுச் சாதனங்களோடு வாழும் மாணவர்கள் உயர் மின்னழுத்தச் செயல்விளக்கங்களிலிருந்து விலகியிருக்க வேண்டும். விட்டுவிட்டு மின்னும் விளக்குகள் வலிப்பு நோய் உள்ளவர்களைப் பாதிக்கக்கூடும். இந்த விவரங்களைப் பெற்றோரிடம் முன்பே எழுதி வாங்கி, மாணவரின் பெயரை வகுப்பறையில் வெளிப்படுத்தாமல் மையத்தினரிடம் மட்டும் தெரிவியுங்கள்.

பதிவு செய்வதற்கு முன், பயிலரங்கை நடத்தப் போகிறவரோடு பத்து நிமிடம் தொலைபேசியில் பேச முடியுமா என்று கேளுங்கள். உங்கள் மாணவர்கள் இதுவரை எதைப் படித்திருக்கிறார்கள், எதைப் படிக்கவில்லை என்று அவராகவே உங்களிடம் விசாரித்தால் கவலையின்றிப் பதிவு செய்யலாம்.